அகப்பை மாற்றும் திருவிழா

2025 ஜூலை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கு ஒரு கோச் தேவைப்பட்டார். விளம்பரம் கொடுத்தார்கள். 170 விண்ணப்பங்கள் வந்து விழுந்தன. பட்டியலைப் பிரித்தால் உள்ளே பெப் குவார்டியோலா. கூடவே ஜாவி ஹெர்னாண்டஸ்.

குவார்டியோலா, பார்சிலோனாவில் ஆரம்பித்து மான்செஸ்டர் சிட்டி வரை கோப்பை வைக்க அலமாரி போதாமல் திண்டாடுகிறவர். ஜாவி, 2010-ல் உலகக் கோப்பை வென்ற ஸ்பெயின் அணியின் மூளை. பிறகு பார்சிலோனாவுக்கே கோச்சாகி 2023-ல் லா லிகா பட்டம் வாங்கியவர். இந்த இரண்டு மகான்களுக்கும் ஒரே நேரத்தில் ஞானோதயம். உலகத் தரவரிசையில் அப்போது 133-வது இடத்தில் கிடந்த ஓர் அணியைக் கரையேற்றாவிட்டால் பிறவிப் பயன் இல்லை என்று தோன்றிவிட்டது.

ஜாவி விண்ணப்பித்த சேதி பத்திரிகையில் வந்தது. ஊர் வாயைப் பிளந்தது. அப்படியானால் ஏன் எடுக்கவில்லை? ரொம்பச் செலவாகும் என்று கமிட்டி வட்டாரத்திலிருந்து விளக்கம் வந்தது. கவனியுங்கள். ‘இது நிஜமா?’ என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ‘எவ்வளவு ஆகும்?’ என்றுதான் யோசித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை என்று ஒருவன் இருக்கிறானா என்றே விசாரிக்காமல், சீர் ஜாஸ்தி கேட்கிறார்கள் என்று சம்பந்தத்தைத் தட்டிக் கழித்த குடும்பம் இது.

அப்புறம் வந்தது அடுத்த சேதி. வேலூரில் படிக்கும் 19 வயது மாணவர் ஒருவர், ஜாவி பெயரில் மின்னஞ்சல் போட்டது நான்தான் என்று சொன்னாராம். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தது செயற்கை நுண்ணறிவாம். சம்மேளனம் அறிக்கை விட்டது: குவார்டியோலா, ஜாவி பெயர்களில் வந்தவை உண்மையான விண்ணப்பங்கள் அல்ல. செயற்கை நுண்ணறிவு எழுதியதைப் படித்துப் பார்க்க, எதிர்முனையில் இயற்கை நுண்ணறிவு ஏதும் இல்லை. என்ன செய்வது, அதற்கும் செலவாகுமே.

சிரித்து முடித்தாயிற்றா? இனி கோபப்படுவோம்.

உலகத்தின் தலைசிறந்த மேனேஜர் யார் என்ற சண்டைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. நள்ளிரவு தாண்டிச் சாம்பியன்ஸ் லீக் பார்த்துவிட்டு, காலையில் கண் எரிய அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவனைக் கேளுங்கள். ஃபெர்குசன் என்பான் ஒருவன். குவார்டியோலா என்பான் இன்னொருவன். அஞ்செலாட்டி ஐந்து சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தவர், வாயை மூடு என்பான் மூன்றாமவன். காசு இருந்தால் எவனும் ஜெயிப்பான். இரண்டாம் டிவிஷனில் கிடந்த நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டைத் தூக்கி நிறுத்தி 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தாரே பிரையன் கிளஃப், அவர்தான் மேனேஜர் என்று நாலாமவன் சபையைக் கலைப்பான். டீ ஆறிப்போகும். தீர்ப்பு வராது.

இந்தச் சண்டையில் தப்பில்லை. எனக்கும் இதில் கட்சி உண்டு. ஆனால் இது யாருக்கு வசதியான சண்டை என்று என்றைக்காவது யோசித்தோமா? ஜெயித்தால் மேனேஜர் மேதை. தோற்றால் மேனேஜர் தண்டம். அவரை வேலைக்கு வைத்த மகானுபாவன் எங்கே? மேலே, கண்ணாடி அறையில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. அவர் பெயரை மேதைப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை, தண்டப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை. அவருக்கு வேண்டியதும் அதுதான்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். நம் பாட்டிகளுக்குத் தெரிந்த கணக்கு. கால்பந்தை நிர்வகிக்கும் கனவான்கள் அதைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். குழம்பு காலியா? அகப்பையை மாற்று. மறுபடி காலியா? வெளிநாட்டு அகப்பை வாங்கு.

இந்த வியாதியின் தலைநகரம் இங்கிலாந்து. 2016-ல் லெஸ்டர் சிட்டி லீக் பட்டம் வென்றது. பந்தயக் கம்பெனிகள் 5000-க்கு 1 என்று ஒதுக்கிவைத்த அணி. மேனேஜர் கிளாடியோ ரனியேரி கடவுளானார். அடுத்த பிப்ரவரியில் கடவுளுக்குக் கல்தா. செல்சிக்கு முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை 2012 மே மாதம் வாங்கிக் கொடுத்தார் ராபர்ட்டோ டி மத்தேயோ. நவம்பரில் வீட்டுக்குப் போனார். டாட்டன்ஹாம் பதினேழு வருடமாகக் கோப்பை இல்லாமல் காய்ந்து கிடந்தது. 2025-ல் ஆஞ்ஜ் போஸ்டெகோக்லு யூரோப்பா லீக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார். பதினாறே நாளில் சீட்டுக் கிழிந்தது. லீக்கில் பதினேழாவது இடமாம். சரி, அதற்காவது ஒரு நியாயம் இருக்கிறது. நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அவரை எடுத்து 39 நாளில் துரத்தியதே, அதற்கு என்ன பெயர்? 39 நாளில் கருவேப்பிலைக் கன்றுகூட வேர் பிடிக்காது.

மான்செஸ்டர் யுனைடெட் கதை இன்னும் ருசி. எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை 2024 ஜூலையில் நீட்டித்தார்கள். அக்டோபரில் அனுப்பிவிட்டார்கள். அவரையும் அவருடைய ஆட்களையும் வழியனுப்பிய செலவு ஒரு கோடியே நாலு லட்சம் பவுண்டு. அதே நிர்வாகம் சிக்கனம் பேசி நூற்றுக்கணக்கான ஊழியர்களை வேலையைவிட்டு அனுப்பியது. மிச்சம் இருந்தவர்களுக்கு ஓல்டு டிராஃபோர்டில் போட்ட இலவச மதியச் சாப்பாட்டை நிறுத்தியது. பதிலுக்கு என்ன தெரியுமா? பழம். தப்பான கோச்சைத் தப்பான நேரத்தில் நீட்டித்தவன் மேலே. ஆப்பிள் கடிப்பவன் கீழே.

இத்தனைக்கும் அதே கிளப்பில்தான் 1986 நவம்பரில் ஃபெர்குசன் வந்து சேர்ந்தார். மூன்றரை வருடம் ஒரு கோப்பை கிடையாது. 1989 டிசம்பரில், சாக்குப்போக்கு போதும், கிளம்பு என்ற அர்த்தத்தில் ஒரு ரசிகர் பேனரே பிடித்தார். கிளப் அசையவில்லை. 1990-ல் முதல் கோப்பை. 2013-ல் ஓய்வு பெறும்போது 13 லீக் பட்டங்கள். அதற்குப் பிறகு எத்தனையோ அகப்பைகள். ஒரு லீக் பட்டம் இல்லை.

போகட்டும். அது முதலாளிகளின் காசு. எண்ணெய்க் கிணறும் பங்குச் சந்தையும் உள்ளவன் நோட்டைக் கொளுத்திக் குளிர் காய்ந்தால் நமக்கென்ன? நம் சம்மேளனத்தின் கல்லாவில் விழுவது அப்படி ஒருவன் பையிலிருந்து வருவது இல்லை. அரசு தரும் உதவி. ஃபிஃபா தரும் நிதி. விளையாட்டின் பெயரால் வரும் பணம். பொதுப்பணம். அதனால் இந்த அகப்பைக் கணக்கைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

2019-ல் இந்திய அணிக்கு கோச்சாக வந்தார் இகோர் ஸ்டிமாச். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியில் ஆடியவர். 2023-ல் மூன்று கோப்பைகள் கிடைத்தன. தரவரிசை 99-க்கு வந்தது. இந்தியா நூறுக்குள் வந்துவிட்டது என்று மாலை, மேளம், போட்டோ. எல்லாப் போட்டோவிலும் நிர்வாகிகள் நடுவில் நின்றார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர். ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. எங்கள் லீக்கான ஐ.எஸ்.எல். தொடங்கப்போகிறது, ஆட்களை விட மாட்டோம் என்றன உள்ளூர் கிளப்புகள். பேச்சு நடந்தது. பேரம் நடந்தது. பட்டியல் மாறியது, மறுபடி மாறியது. கடைசியில் கிடைத்தவர்களைக் கூட்டிக்கொண்டு 18-ம் தேதி மாலை சீனாவில் இறங்கினார்கள். 19-ம் தேதி சீனாவோடு ஆட்டம். கல்யாணக் கச்சேரிக்கு வரும் நாதஸ்வரக் கோஷ்டிகூட முந்தின நாள் ஒருமுறை சேர்ந்து ஊதிப் பார்க்கும். இவர்களுக்கு அதற்கும் நேரமில்லை. ஆனாலும் பாதி ஆட்டம் வரை 1-1. அந்த ஒரு கோல் ராகுல் கே.பி. அடித்தது. அதற்கப்புறம் கால்கள் ஓய்ந்தன. முடிவு 1-5.

இப்போது சொல்லுங்கள். அன்று பெஞ்சில் குவார்டியோலா உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பார்? தண்ணீர் பாட்டிலை உதைத்திருப்பார். ஸ்பானிஷில் திட்டியிருப்பார். 1-5 தோற்றிருப்பார்.

2024 ஜனவரி. கத்தாரில் ஆசியக் கோப்பை. ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா. மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரு கோல் கிடையாது. மார்ச்சில் குவஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. ஜூனில் உலகக் கோப்பைக் கனவு முடிந்தது. ஸ்டிமாச்சின் வேலையும் முடிந்தது. இந்தப் போட்டோவில் நிர்வாகிகள் யாரும் இல்லை. கோச் மட்டும் தனியாக நின்றார். ஒப்பந்தம் 2026 வரை இருக்கிறதே என்றார் அவர். வழக்கு, மிரட்டல், பேச்சுவார்த்தை. கடைசியில் நாலு லட்சம் டாலருக்குப் பைசல். நம் காசில் மூன்று கோடியே சொச்சம். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கை யாருடையது? அந்தக் கைக்கு என்ன தண்டனை? அதற்கு ஒரு மோதிரம்கூடக் குறையவில்லை.

ஸ்டிமாச் ஒன்றும் அப்பாவி இல்லை. 2022 ஜூனில் கொல்கத்தாவில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று நடந்தது. ஆப்கானிஸ்தானோடு ஆடுவதற்கு முன்னால், ஆடப்போகும் பதினொரு பேர் பட்டியல் கோச்சின் போனிலிருந்து ஒரு ஜோசியருக்குப் போனதாக 2023-ல் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ எழுதியது. இவனுக்கு நாள் நன்றாக இருக்கிறது, இவனுக்கு இன்று சரியில்லை, இவனுக்குத் தன்னம்பிக்கை தலைக்கேறக் கூடாது என்கிற ரீதியில் பதில்கள் வந்தனவாம். அறிமுகம் செய்துவைத்தவர் அன்றைய சம்மேளனப் பொதுச்செயலாளராம். ஜோசியக் கூலி 12 லட்சத்திலிருந்து 15 லட்சம் என்றது அந்தச் செய்தி. ‘மோட்டிவேட்டர்’ என்ற பெயரில் ஒரு ஜோசிய நிறுவனத்துக்கு 16 லட்சம் என்று அதற்கு முந்தின வருடமே ஒரு செய்தி வந்திருந்தது. ஒரு லட்சம் முன்னே பின்னே இருக்கலாம். கிரகங்களும் அப்படித்தான்.

ஜோசியம் நமக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்குப் பார்க்கிறோம். கடை திறக்கப் பார்க்கிறோம். வண்டி வாங்கப் பார்க்கிறோம். ஆனால் நம் காசில் பார்க்கிறோம். நம் பையனின் ஜாதகத்தைக் காட்டுகிறோம், ஊரான் வீட்டுப் பையனின் இடத்தைக் காவு கொடுப்பதில்லை. பத்து வயதிலிருந்து வெறுங்காலோடு ஓடி, முட்டி தேய்ந்து, தேசிய அணி வரை வந்தவன் ஒருவன். அவனை வெளியே உட்கார வைத்தது எதிரணி டிஃபென்டரா, ஏழரைச் சனியா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த அகப்பை மனோலோ மார்கெஸ். 2024 ஜூலை. விண்ணப்பித்தவர்கள் 291 பேர். பொறுக்கி எடுத்தவருக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. எஃப்.சி. கோவாவின் கோச். பரவாயில்லை, ரெண்டையும் பாருங்கள் என்றது சம்மேளனம். 140 கோடிப் பேர் வாழும் நாட்டின் தேசிய அணிக்குப் பகுதிநேர வாத்தியார். டியூஷன் சென்டரிலாவது முழுநேர ஆள் கேட்பார்கள்.

ஆனால் மார்கெஸ் நமக்கு ஒரு பெரிய உபகாரம் செய்துவிட்டுப் போனார். அவரே அறியாமல் ஒரு பரிசோதனை நடத்திக் காட்டினார். ஒரே மனிதர். ஒரே மூளை. ஒரே ஆண்டு. கோவா அணி லீக்கில் இரண்டாம் இடம். 2025 மே மாதம் ஜாம்ஷெட்பூரை 3-0 என்று அடித்து சூப்பர் கோப்பை. இந்திய அணி எட்டு ஆட்டத்தில் ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவோடு. ஜூனில் ஹாங்காங்கிடம் தோல்வி. அகப்பை ஒன்றுதான். சட்டிதான் ரெண்டு. இதற்கு மேல் நிரூபணம் வேண்டுமா? வேண்டாம். ஆனால் சம்மேளனம் என்ன முடிவுக்கு வந்தது? பரஸ்பர சம்மதத்தோடு பிரிகிறோம் என்றது. விவாகரத்து மனுவில்கூட இத்தனை பரஸ்பரம் இருக்காது.

அப்புறம்தான் அந்த 170 விண்ணப்பங்கள், குவார்டியோலா, ஜாவி, வேலூர்ப் பையன். இறுதிப் பட்டியலில் மூன்று பேர். அதில் ஒருவர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன். 2002-ல் ஒருமுறை, 2015-ல் ஒருமுறை என்று ஏற்கெனவே ரெண்டு தடவை இந்தியாவுக்கு கோச்சாக இருந்தவர். பரணில் போட்ட அகப்பையையும் துடைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 1-ம் தேதி காலித் ஜமீல் தேர்வானார். நல்ல மனிதர். 2017-ல் மிசோரமின் ஐஸ்வால் அணியை வைத்துக்கொண்டு ஐ-லீக் பட்டம் வென்று நாட்டையே அசத்தியவர். வாழ்த்துகள்.

கோச் கிடைத்தார். ஆடத்தான் அப்போது லீக் இல்லை.

ஆமாம். 2010-ல் பதினைந்து வருடத்துக்கு 700 கோடி ரூபாய்க்குப் போட்ட, லீக் நம்பியிருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியப்போகிறது என்று சம்மேளனத்துக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். காலண்டரைப் பார்த்தால் போதும், கிரகத்தைப் பார்க்க வேண்டாம். பார்க்கவில்லை. ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூர் அணி சம்பளத்தை நிறுத்தியது. நம் சென்னையின் எஃப்.சி. செயல்பாட்டையே தற்காலிகமாக நிறுத்தியது. அப்புறம் டெண்டர் விட்டார்கள். கெடு முடிந்தது. வந்த ஏலக் கேள்விகள்: பூஜ்யம். கோச் வேலைக்கு 170 பேர் வரிசையில் நின்றார்கள். லீக்கை நடத்த ஒருவன் வரவில்லை. அகப்பை விற்பவன் தெருவுக்குத் தெரு இருக்கிறான். சட்டியைத் தொடத்தான் ஆளில்லை.

லீக் நின்றதன் விளைவு? அக்டோபர் 14. மட்காவில், சொந்த மண்ணில், சிங்கப்பூரிடம் 1-2. ஆசியக் கோப்பை வாய்ப்பு போயிற்று. அதற்கு முந்தின நாள்தான், மக்கள்தொகை ஐந்தரை லட்சத்தைத் தொடாத கேப் வெர்டி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. நவம்பர் 18. டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை. தரவரிசை 142. அதே நவம்பர் 18, ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 0-0 என்று சமன் செய்து உலகக் கோப்பைக்குள் நுழைந்தது குராசாவோ. ஒன்றரை லட்சம் பேர். சென்னை மாநகராட்சியில் நாலைந்து வார்டைச் சேர்த்தால் வரும் கூட்டம்.

இதில் உச்சம் என்ன தெரியுமா? அன்று குராசாவோவின் கோச் டிக் அட்வகாட் ஸ்டேடியத்திலேயே இல்லை. குடும்பக் காரணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். உலகக் கோப்பையைத் தீர்மானிக்கும் ஆட்டத்தை அவர்கள் கோச் பக்கத்தில் இல்லாமலே ஆடி முடித்தார்கள். சட்டி நிறைந்திருந்தால் அகப்பைக்கு ஒருநாள் லீவு கொடுக்கலாம்.

குராசாவோ ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தானே என்று ஒருவர் மடக்குவார். உண்மை. ஆனால் அவர்கள் தானாகவா வந்து குதித்தார்கள்? தேடிப் பிடித்தார்கள். கேப் வெர்டி இன்னும் ஒருபடி மேல். டப்ளினில் பிறந்த ராபர்ட்டோ லோபெஸ் என்ற டிஃபென்டருக்கு அந்த அணியின் அப்போதைய கோச் லிங்க்ட்இனில் போர்ச்சுகீசிய மொழியில் சேதி அனுப்பினார். குப்பைச் சேதி என்று நினைத்து லோபெஸ் விட்டுவிட்டார். கோச் விடவில்லை. மறுபடி எழுதினார். வந்து சேர்ந்தவர் அணியின் தூணானார். அங்கே உண்மையான சேதியைப் போலி என்று நினைத்தார்கள்; ஒரு சம்மேளனம் உருப்பட்டது. இங்கே போலிச் சேதியை உண்மை என்று நினைத்தார்கள். மீதியை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, நம் சட்டி யார் கையில் இருக்கிறது? முதலில் தலைவராக இருந்தவர் பிரஃபுல் படேல். பதவிக்காலம் முடிந்தது. நாற்காலிக் காலம் முடியவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இறக்கிவிட வேண்டியிருந்தது. ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவையே சஸ்பெண்ட் செய்தது. செப்டம்பரில் தேர்தல். ஒரு பக்கம் பைசுங் பூட்டியா, ஒரு தலைமுறை இந்தியக் கால்பந்தின் முகம். எதிர்ப்பக்கம் கல்யாண் சௌபே, முன்னாள் கோல்கீப்பர், பா.ஜ.க.காரர். பூட்டியாவுக்கு எத்தனை ஓட்டு? ஒன்று. சௌபேக்கு 33. ஒரே ஒரு கோல் வாங்கி 33 கோல் போட்ட கோல்கீப்பர் உலகக் கால்பந்தில் இவர் ஒருவர்தான். 2023 ஜனவரியில் ‘விஷன் 2047’ என்று திட்டம் வெளியிட்டார்கள். 2047-ல் ஆசியாவின் முதல் நாலு அணிகளில் இந்தியா இருக்குமாம். கோச்சுக்கு மூன்று மாதத்தில் பலன் தெரிய வேண்டும். நிர்வாகத்துக்கு 24 வருட வாய்தா.

மூன்று ஆட்டம் தோற்றால் கோச் வெளியே. தலைவரை வெளியே அனுப்ப உச்ச நீதிமன்றம் வர வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது இந்தியக் கால்பந்தின் முழுச் சரித்திரம்.

ஆகவே, அடுத்த முறை கோச் தேடும்போது விளம்பரத்தையாவது நேர்மையாகப் போடலாம். நான் எழுதித் தருகிறேன், இலவசமாக. ‘தேவை: தேசிய கோச். தகுதி: தோள் அகலமாக இருக்க வேண்டும், பழி நிறைய ஏற்ற வேண்டியிருக்கிறது. பயிற்சிக்கு நாள் கேட்கக் கூடாது. ஆட்களைக் கேட்கக் கூடாது. லீக் எப்போது தொடங்கும் என்று கேட்கவே கூடாது. ஜெயித்தால் போட்டோவில் ஓரமாக நிற்கச் சம்மதிக்க வேண்டும். தோற்றால் நடுவில் நிற்கச் சம்மதிக்க வேண்டும். ராசி, நட்சத்திரம் இணைக்கவும். குவார்டியோலாக்கள் அடையாள அட்டையின் நகல் வைக்கவும்.’

சிறந்த மேனேஜர் யார் என்று கேட்டீர்களே. நமக்கே ஒருவர் இருந்தார். ஹைதராபாத்காரர். சையத் அப்துல் ரஹீம். 1951-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுத் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாம் இடம். 1962-ல் ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். அந்த இறுதி ஆட்டத்தில் கூட்டம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டது. தலையில் அடிபட்டிருந்த டிஃபென்டர் ஜர்னைல் சிங்கை முன்கள வீரராக இறக்கினார் ரஹீம். அவர் ஒரு கோல் அடித்தார். தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்தார்கள். அப்போது ரஹீமின் உடம்பைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. அடுத்த ஜூனில் இறந்துபோனார். ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு அதற்குப் பிறகு கால்பந்துத் தங்கம் கிடையாது.

ரஹீம் மேதை. சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மேதைக்குக் கிடைத்தது என்ன என்பதையும் சொல்லுங்கள். பதிமூன்று வருடம் கிடைத்தது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என்று நாறடித்தது. அன்று அவரைத் துரத்தவில்லை. துரத்தியிருந்தால் மெல்போர்ன் இல்லை, ஜகார்த்தா இல்லை. இன்றைய ஆட்கள் அன்று இருந்திருந்தால் ஹெல்சின்கியிலிருந்து விமானம் கிளம்பும் முன்னே பரஸ்பர சம்மதம் நடந்திருக்கும்.

இன்னொரு விஷயம். ரஹீம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நம் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் ஞாபகம் வருகின்றன. கால அட்டவணையில் ‘பி.இ.டி.’ என்று ஒரு பீரியட் இருக்கும். வாரத்துக்கு ரெண்டு. பையன்கள் காலையிலிருந்தே அதற்காகக் காத்திருப்பார்கள். மணி அடிக்கும். சட்டையை வெளியே எடுத்துவிட்டு வாசலுக்கு ஓடுவார்கள். எதிரே கணக்கு வாத்தியார் வருவார், கையில் சாக்பீஸ். ‘போர்ஷன் முடியலடா, உக்காருங்க.’ பின்னால் மைதானத்தில் பி.டி. மாஸ்டர் தனியாக நிற்பார். கக்கத்தில் ஒரு பந்து, பாதிக் காற்றோடு. மறுநாள் அவரை அரைப் பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்க அனுப்புவார்கள்.

இந்தியாவின் அடுத்த ரஹீம் அந்த மைதானத்தில்தான் நிற்கிறார். அடுத்த ஜர்னைல் சிங் உள்ளே உட்கார்ந்து வர்க்கமூலம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறான். இருவருக்கும் நடுவே ஒரு கதவு. அதைத் திறக்க நாலு லட்சம் டாலர் வேண்டாம். ஜோசியர் வேண்டாம். ஜாவி வேண்டாம்.

ஆனால் கதவைத் திறந்தால் போட்டோ எடுக்க முடியாது. எனவே அவர்கள் அடுத்த அகப்பைக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருப்பார்கள். வேலூர்ப் பையா, தயாராக இரு. இந்த முறை ஃபெர்குசன் பெயரில் ஒன்று போட்டுப் பார். செலவாகும் என்பார்கள்.